அப்பாவோடு கேப் காட் கால்வாய்க் கரையில் நான்கு நாள்

2024 ஜூன் 21, வெள்ளி: பஸர்ட்ஸ் பே

அப்பா மரக்காணத்திலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் வீட்டைச் சுற்றிப் பார்த்தார், இரண்டாவது வாரம் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார், மூன்றாவது வாரம் ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "தெருவுல ஒரு ஆள்கூட நடக்கலையேம்மா" என்றார். எங்காவது கூட்டிக்கொண்டு போக வேண்டும், மலை ஏற வைக்கக் கூடாது, மனிதர்கள் கண்ணில் பட வேண்டும் என்று யோசித்தபோது என் கணவர்தான் கேப் காட் கால்வாயைச் சொன்னார். கப்பல் போகும் கால்வாய், இரண்டு கரையிலும் தார் போட்ட பாதை, நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், தூண்டில் போடலாம் என்றார். கால்வாய் என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பாஸ்டன் புறநகரிலிருந்து ஒன்றேகால் மணி நேரப் பயணம். கோடையில் வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பினால் அந்தக் கணக்கு செல்லாது. கேப் காட் என்ற தீபகற்பத்துக்குள் போகிற கார்கள் எல்லாம் போர்ன், சாகமோர் என்ற இரண்டே பாலங்களில்தான் கால்வாயைத் தாண்ட வேண்டும், இரண்டுமே 1935இல் கட்டியவை. நாங்கள் பாலம் ஏறவே வேண்டியதில்லை, எங்கள் விடுதி இந்தக் கரையிலேயே இருக்கிறது, ஆனாலும் பாலத்துக்கு நின்ற வரிசையில் நாங்களும் இரண்டு மணி நேரம் நின்றோம். பையன் பசி என்று அழ ஆரம்பித்ததால் மறுநாளுக்கென்று கட்டிய இட்லியைக் காருக்குள்ளேயே பிரித்தாயிற்று. விடுதி அறை ஓர் இரவுக்கு 219 டாலர். அப்பா மனக்கணக்கில் கெட்டி, உப்பளத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். "பதினெட்டாயிரமா?" என்றார். மாப்பிள்ளை முன்னால் அதற்கு மேல் பேசவில்லை.

சாயங்காலம் ஏழு மணிக்கு ரயில் பாலத்தடிக்குப் போனோம். கார் நிறுத்தக் காசு கிடையாது, பெஞ்சு இருக்கிறது, கழிப்பறை சுத்தமாக இருக்கிறது. இந்தக் கால்வாயும் கரையும் அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவின் பொறுப்பில் இருக்கின்றன, வருகிறவர்களுக்கான வசதிகளையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டு பெரிய கோபுரங்கள், நடுவே 544 அடி நீளத்துக்கு ஒரு பாலத்துண்டு, கப்பல் போவதற்காக எப்போதும் 135 அடி உயரத்தில் தொங்கிக்கொண்டே இருக்கும். ரயில் வந்தால் மட்டும் இறங்கும். கோடை வார இறுதியில் பாஸ்டனிலிருந்து ஹயானிஸுக்கு ஒரு ரயில் உண்டு, அதற்காகத்தான் அன்று இறங்கியது. மணி அடித்தது, அவ்வளவு பெரிய இரும்பு மூன்று நிமிஷத்துக்குள் சத்தமில்லாமல் இறங்கி உட்கார்ந்தது. அப்பா எழுந்து நின்றுவிட்டார். "பாம்பன்ல புதுசா தூக்குப் பாலம் கட்டறாங்களே, இதுதானா அது?" என்று கேட்டார். அதே முறைதான், ஆனால் இது தொண்ணூறு வருஷமாக ஏறி இறங்குகிறது என்று கணவர் சொன்னார்.

ரயில் போய்ப் பாலம் மேலே ஏறியதும் ஒரு பெரிய பயணிக் கப்பல் வந்தது. கால்வாயின் அகலம் 480 அடிதான், அதில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று நகர்ந்து வந்தால் எப்படி இருக்கும், அப்படி. மேல்தளத்தில் இருந்தவர்கள் கை ஆட்டினார்கள், கரையில் இருந்த அத்தனை பேரும் பதிலுக்கு ஆட்டினார்கள், நாய் வைத்திருந்த ஒரு பாட்டி நாயின் முன்காலைப் பிடித்து ஆட்டினார். அப்பா முதலில் கூச்சப்பட்டார். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்துச் சுழற்றினார்.

ஜூன் 22, சனி: ஸ்கசெட் கடற்கரை வரை

சைக்கிள் வாடகை நாலு வண்டிக்கு அரை நாளைக்கு 110 டாலர். அப்பாவுக்கு வேண்டாம், கார் எடுத்துக்கொண்டு அந்த முனையில் காத்திருக்கலாம் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. எழுபத்துநாலு வயது. ஊரில் இன்றைக்கும் சைக்கிளில்தான் கடைத்தெரு போகிறார். இருக்கையை இறக்கச் சொல்லி, பிரேக்கை இரண்டு தடவை அழுத்திப் பார்த்து, ஏறிக் கிளம்பிவிட்டார்.

இந்தக் கரையில் பாதை சுமார் ஏழு மைல், எதிர்க்கரையில் ஆறரை. மேடு பள்ளம் அநேகமாக இல்லை. ஒரு பக்கம் மரங்கள், மறு பக்கம் பெரிய கருங்கல் பாறைகளைச் சரித்துக் கொட்டிய கரை, அதன் கீழே ஓடும் நீர். ஓடும் என்று சும்மா சொல்லவில்லை. கடல்நீர்தான், ஆனால் காவிரியில் ஆடி வெள்ளம் மாதிரி சுழித்துக்கொண்டு போகிறது. காலையில் அது எங்களோடு கிழக்கே ஓடியது, காற்றும் முதுகுப் பக்கமிருந்து வீசியது, அதனால் மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. வேகமாகப் போகிற சைக்கிள்காரர்கள் பின்னாலிருந்து "ஆன் யுவர் லெஃப்ட்", அதாவது உங்கள் இடப்பக்கமாகத் தாண்டுகிறேன், என்று குரல் கொடுத்துவிட்டுத் தாண்டிப் போனார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட அப்பா, நின்று வேடிக்கை பார்த்த ஒரு குடும்பத்தைத் தாண்டும்போது "லெஃப்ட், லெஃப்ட்" என்றார். அவர்கள் சிரித்து வழிவிட்டு, "குட் மார்னிங், சார்" என்றார்கள். அன்றைக்கு முழுக்க அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

வழி நெடுக தூண்டில்காரர்கள். இவர்களைப் பற்றி ஒரு நாள் முழுக்க எழுதலாம். சைக்கிளின் பின்னால் பிளாஸ்டிக் குழாய்களைக் கட்டி அதில் நாலைந்து தூண்டில் கம்புகளைச் சொருகியிருக்கிறார்கள், முன்னால் கூடை, கூடையில் வெயிலுக்கு வெளுத்துப்போன பை. கரையில் உள்ள விளக்குக் கம்பம் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, அந்த எண்தான் இவர்களுக்கு முகவரி. படகிலிருந்து இந்தக் கால்வாயில் மீன் பிடிக்கக் கூடாது, நீந்தவும் கூடாது, கரையில் நின்று பிடிக்கலாம். பையன் வழியில் ஒருவரிடம் போய் நின்றான். அவர் பேச்சை நிறுத்தாமலே கம்பை அவன் கையில் கொடுத்து எப்படி வீசுவது என்று காட்டினார். பதினாறு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அனுமதிச் சீட்டும் தேவையில்லையாம். ஒன்றும் மாட்டவில்லை, ஆனாலும் பையன் அந்த இடத்தை விட்டு வர மறுத்தான்.

போர்ன்டேலில் ஹெர்ரிங் என்ற மீன் ஏறிப் போகும் படிகள் இருக்கின்றன. வசந்த காலத்தில் கடலிலிருந்து கால்வாய்க்குள் வந்து, சின்ன ஓடை வழியாகப் படிப்படியாகத் தாவி மேலே இருக்கும் ஏரிக்குப் போய் முட்டை இடும். நாங்கள் போனபோது பருவம் முடிந்துவிட்டது, படிகளில் வெறும் தண்ணீர்தான் இறங்கிக்கொண்டிருந்தது. "நம்ம உல்லம் மீன் ஆத்துல ஏறுற மாதிரி" என்றார் அப்பா. சரிதான், உல்லமும் இதற்குச் சொந்தம்தான். அணை கட்டிய ஆறுகளில் உல்லத்துக்கும் இப்படி ஒரு படி வைத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

ஸ்கசெட் கடற்கரையில் மதிய வெயில் கடுமை, தண்ணீர் மட்டும் கால் விறைக்கும் அளவுக்குக் குளிர்ச்சி. மாவில் புரட்டிப் பொரித்த மட்டி ஒரு தட்டு 32 டாலர். விலையைக் கேட்டால் வயிறு எரியும், வாயில் போட்டால் மறந்துபோகும், அவ்வளவு புதுசு. அப்பா எலுமிச்சை பிழிந்து, கைப்பையில் இருந்த மிளகாய்ப் பொடியைத் தூவிச் சாப்பிட்டார். பக்கத்து மேசையில் இருந்த இளைஞன் தனக்கும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்தும் நிறுத்தவில்லை.

திரும்பி வந்ததுதான் பாடு. தென்மேற்குக் காற்று மதியத்துக்கு மேல் பலத்துவிட்டது, நேராக முகத்தில். நீர் இதற்குள் திசை மாறி மேற்கே ஓட ஆரம்பித்திருந்தது, காற்று ஒரு பக்கமும் நீரோட்டம் எதிர்ப்பக்கமுமாக மோதியதில் மேற்கு முனையில் அலைகள் குத்துக்குத்தாக எழும்பின. ஐந்தாவது மைலில் அப்பாவின் சைக்கிள் செயின் கழன்று பல்சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. வாடகைக் கடைக்கு நாலு தடவை போன் செய்தோம், எடுக்கவே இல்லை. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், அப்பா வயதுதான் இருக்கும், கம்பைப் பாறையில் சாய்த்துவிட்டு வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அப்பா செயினைப் பிடிக்க அவர் சக்கரத்தைச் சுற்ற, இரண்டு பேரும் பொதுவாக ஒரு மொழியும் இல்லாமல் பத்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டார்கள். கை துடைக்க அப்பா தன் துண்டைக் கொடுத்தார். அவர் தயங்கினார், வெள்ளைத் துண்டு. அப்பா அவர் கையைப் பிடித்துத் தானே துடைத்துவிட்டார்.

ஜூன் 23, ஞாயிறு: சாண்ட்விச் கரை

காலையில் எழுந்தால் எதிரில் ஒன்றுமே இல்லை, மூடுபனி. பாலத்தைக் காணோம். எங்கிருந்தோ கப்பலின் ஊதல் மட்டும் வந்தது. பாலம் ஏறி எதிர்க்கரைக்கு, சாண்ட்விச் ஊருக்குப் போனோம். அங்கே கால்வாயின் பார்வையாளர் மையம் இருக்கிறது, கட்டணம் இல்லை. கப்பல் போக்குவரத்தைக் கவனிக்கும் ரேடாரும் கேமராவும் காட்டுவதை இங்கேயும் திரையில் பார்க்கலாம். வெளியே ஒன்றும் தெரியாத நேரத்தில் பையனுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது.

நீர் ஏன் இரண்டு பக்கமும் ஓடுகிறது என்று நேற்றிலிருந்து அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். அங்கிருந்த ரேஞ்சர் பெண்மணி பொறுமையாகச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். கிழக்கே கேப் காட் விரிகுடாவில் ஓதம் சுமார் ஒன்பது அடி ஏறி இறங்கும். மேற்கே பஸர்ட்ஸ் விரிகுடாவில் நாலு அடிதான். அங்கே நீர் ஏறுவதற்கும் இங்கே ஏறுவதற்கும் மூன்று மணி நேரம் வித்தியாசம். இரண்டு கடலையும் மதகு எதுவும் இல்லாமல் ஒரே வெட்டாக இணைத்துவிட்டதால், எந்தப் பக்கம் மட்டம் உயர்ந்திருக்கிறதோ அங்கிருந்து மறு பக்கம் பாயும், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி வேகம் இன்னும் கூடும். "வெள்ளிக்கிழமை பௌர்ணமி" என்றார் அப்பா உடனே. ரேஞ்சர் ஆமாம் என்று தலையாட்டினார்.

அமெரிக்கா பிறப்பதற்கு முன்பே இந்தக் கால்வாயைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். 1776இல் ஜார்ஜ் வாஷிங்டன் ஆள் அனுப்பி நிலத்தை அளக்கச் சொன்னார். வெட்டியது ஆகஸ்ட் பெல்மான்ட் என்ற நியூயார்க் செல்வந்தர், 1909இல் ஆரம்பித்து 1914 ஜூலையில், பனாமா கால்வாய்க்குச் சில வாரங்கள் முந்தித் திறந்தார். மண்ணுக்குள் பனிப்பாறைக் காலத்துப் பெரும்பாறைகள் கிடந்து வேலையை இழுத்தடித்தன. அப்போது அகலம் வெறும் 100 அடி. அந்த ஒடுக்கத்தில் இந்த நீரோட்டத்தைக் கண்டு மாலுமிகள் பயந்தார்கள், சுங்கம் வேறு, வருமானம் வரவில்லை. கடைசியில் அரசாங்கம் 1928இல் வாங்கி, முப்பதுகளில் அகலப்படுத்தி ஆழப்படுத்தியது. இப்போது கப்பல்களுக்குச் சுங்கம் கிடையாது. கேப் காட் தீபகற்பத்தைச் சுற்றிப் போவதில் சராசரியாக 135 மைல் மிச்சம்.

பதினொரு மணிக்குப் பனி விலகியது. கரையில் இறங்கிப் பாறை ஓரமாக உட்கார்ந்து புளியோதரையையும் உருளைக்கிழங்கு வறுவலையும் பிரித்தோம். பையன் இரண்டு பாறை கீழே இறங்கி நண்டு தேடிக்கொண்டிருந்தான். ஒரு இழுவைப் படகு எண்ணெய் ஏற்றிய பெரிய தட்டைக் கப்பல் ஒன்றைத் தள்ளிக்கொண்டு போனது. நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே நீர் மெல்ல உள்வாங்கியது, பாசி பிடித்த பாறைகள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன, பையன் "அம்மா, இங்க பாரு" என்று இன்னும் கீழே போனான்.

அப்பா கத்தின மாதிரி நான் கேட்டதே இல்லை. "ஏறு மேல, ஏறு!" சாப்பிட்ட கையோடு பாறையில் இறங்கி அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே ஏறினார். அடுத்த சில நொடிகளில் நீர் திரும்பி வந்து, நாங்கள் உட்கார்ந்திருந்த பாறைக்கு மேல் முழங்கால் உயரத்துக்கு அடித்துவிட்டுப் போனது. புளியோதரை, பை, என் செருப்பு ஒன்று, எல்லாம் போயிற்று. கப்பல் நீரைத் தள்ளிக்கொண்டு போகும்போது இப்படித்தான் முதலில் வற்றும், பிறகு ஏறும் என்று பக்கத்தில் நின்ற ஒரு பெண் சொன்னார். கரையில் எச்சரிக்கைப் பலகையும் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. நடந்த தவறு என்னுடையது.

அப்பாவின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. 2004 டிசம்பரில் எங்கள் பக்கத்துக் குப்பங்களில் நீர் உள்வாங்கியபோது பார்க்கப் போனவர்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றி வீட்டில் அவர் பேசியதில்லை. அன்றைக்கும் பேசவில்லை. பையனைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து எங்கள் ஊர் கால்வாயைப் பற்றி அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது பக்கிங்காம் கால்வாயில் மரக்காணத்திலிருந்து உப்பும் சவுக்கு விறகும் ஏற்றிக்கொண்டு படகுகள் மதராஸுக்குப் போகுமாம். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி போட்டுத் தள்ளுவார்கள், அதுவும் முடியாவிட்டால் கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுப்பார்கள். படகுக்காரர்கள் குழம்பு வைக்கிற வாசனை கரைக்கு வருமாம். 1806இல் வெட்ட ஆரம்பித்து, பிறகு தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வேலை செய்த ஜனங்களின் கையால் நீண்ட கால்வாய் அது. சென்னைக்குள் இப்போது அதன் மேல் ரயில் தூண்கள் நிற்கின்றன, கீழே சாக்கடை. சுனாமி நாளில்கூட அந்தக் கால்வாய் எத்தனையோ இடங்களில் கடல்நீரைத் தாங்கிக்கொண்டது. இதெல்லாம் எனக்குப் படித்துத் தெரியும், அவர் பார்த்துத் தெரிந்துகொண்டவர். இந்தக் கரையில் ஓர் அரசாங்கம் இத்தனை பெஞ்சு போட்டு, பாதை போட்டு, புல் வெட்டி வைத்திருப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு ஊருக்குள் போனோம். மட்டி போட்ட பால் சூப், ஒரு கிண்ணம் 11 டாலர், பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்களா என்று கேட்டதற்குப் பரிமாறிய பெண் சமையலறைக்குப் போய் விசாரித்து வந்து, அது சேர்க்காத மீன் வறுவலைச் சொன்னார். என் ஒற்றைச் செருப்பைப் பார்த்துவிட்டு உள்ளே இருந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கொண்டுவந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை.

ஜூன் 24, திங்கள்: கிளம்பும் நாள்

ஐந்தரைக்கே அப்பா எழுப்பினார். வார நாளாக இருந்தும் ரயில் பாலத்துக்கு அருகே பத்துப் பதினைந்து பேர் தூண்டிலோடு நின்றார்கள். ஆறு மணி வாக்கில் மேற்கே ஓடிக்கொண்டிருந்த நீர் தளர்ந்து, பிறகு நின்றேவிட்டது. மூன்று நாளாக இரைச்சலோடு ஓடியதைப் பார்த்த கண்ணுக்கு அந்த நிலை கோயில் குளம் மாதிரி இருந்தது. யாரும் பேசவில்லை. ஒரு மிதவைக் கட்டை நின்ற இடத்திலேயே சுற்றி, அப்புறம் மெல்லக் கிழக்கே நகர ஆரம்பித்தது.

அப்போதுதான் மீன் கிளம்பியது. எங்களுக்கு அடுத்து நின்ற இளைஞனின் கம்பு வில்லாக வளைந்தது, இருபது நிமிஷம் போராடிக் கரையேற்றினான். உடம்பு முழுக்கக் கருப்புக் கோடு, இடுப்பு உயரம் இருக்கும். "வரி போட்ட கொடுவா" என்றார் அப்பா. இங்கே இதற்குத்தான் ஊர் ஊராக வருகிறார்கள். அவன் அளவுகோலை வைத்துப் பார்த்தான், 38 அங்குலம். 28 அங்குலத்துக்குக் குறையாமலும் 31க்கு உட்பட்டும் இருந்தால்தான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், அதுவும் ஆளுக்கு நாளைக்கு ஒன்று. பெரியது முட்டை இடும் தாய் மீன், அதனால் விட வேண்டும். பாறையில் மண்டியிட்டு மீனை நீரில் பிடித்து முன்னும் பின்னுமாக அசைத்தான், அது மூச்சு வாங்கி வாலை ஒரு முறை அடித்துவிட்டுப் போனது. அப்பா வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "இவ்வளவு பெரிசை விட்டுட்டானேம்மா" என்றார் முதலில். கொஞ்சம் கழித்து, "சரிதான், விடணும்" என்றார். நாங்கள் நின்ற கம்பத்தின் எண்ணைச் சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் சாலை காலியாக இருந்தது. கார் நெடுஞ்சாலையில் ஏறியதும் அப்பா ஊரில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போன் போட்டார். ரயில் பாலம், கப்பல், பதினெட்டாயிரம் ரூபாய் அறை, விட்டுவிட்ட மீன் எல்லாவற்றையும் சொன்னார். பாறையில் நடந்ததை மட்டும் சொல்லவில்லை. வைப்பதற்கு முன்னால், "ஏன்டா, நம்ம கால்வாய்ல இப்ப தண்ணி இருக்கா? எந்தப் பக்கம் ஓடுதுன்னு சாயங்காலம் போய்ப் பாத்துட்டுச் சொல்லு" என்றார்.